சார்ல்ஸ்டன் நகரில் ஒரு பழைய மாளிகை

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில், இரண்டு ஆறுகளுக்கு இடையே நாக்குப் போல் கடலை நோக்கி நீண்ட நிலத்தில் அமைந்துள்ளது சார்ல்ஸ்டன் நகரம். ஆங்கிலேயர் 1670-இல் தொடங்கிய குடியேற்றம் அது. மகனையோ மகளையோ காண அந்நாடு செல்லும் நம் சங்கத்து அன்பர்கள் பெரும்பாலும் நியூயார்க்கையும் நயாகராவையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். சென்ற பங்குனியில் நாங்கள் சற்றே வழி விலகித் தெற்கே சென்று, ஆன்சன்பரோ என்னும் பகுதியில், செப்பனிடப்பெற்று விருந்தினர்க்கு விடப்படும் பழைய இல்லமொன்றில் மூன்று இரவுகள் தங்கினோம்.

அவ்வூர் வீடுகளின் அமைப்பே தனி. வீதிக்கு வீட்டின் குறுகிய பக்கமே தெரியும். அகலம் ஓர் அறைதான். வீதிக் கதவைத் திறந்தால் கூடம் இல்லை, நீண்ட தாழ்வாரம்! கடற்காற்றை ஏற்கத் தெற்கோ மேற்கோ நோக்கி, மாடிக்கும் கீழுக்குமாக அது ஓடுகிறது. 1886-இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பின் சுவர்களை இழுத்துப் பிடிக்கச் செலுத்திய இரும்புக் கம்பிகளின் முனைகள் இன்றும் வெளிச்சுவர்களில் வட்டத் தகடுகளாகக் காட்சி தருகின்றன. தாழ்வாரத்தின் மேற்கூரைக்கு வெளிர் நீலம் பூசியிருந்தனர். பேய்கள் அண்டாதிருக்க அந்நிறமாம். குல்லா எனப்படும் கறுப்பின மக்களின் நம்பிக்கை. வாயிலில் பூசணிக்காய் கட்டித் தொங்கவிடும் நமக்கு இதைக் கண்டு நகைக்க உரிமையில்லை.

பழைய வீடுகளைக் காக்க 1931-இலேயே அந்நகரம் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதன்மையானது. ஆன்சன்பரோவில் 1838-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் எழுந்த வீடுகள் மிகுதி. அவை சிதைந்து கிடந்தபோது, 1950-களின் இறுதியில் ஓர் அறநிறுவனம் பலவற்றை விலைக்கு வாங்கிக் காத்து, இடிக்கலாகாது என்ற உடன்பாட்டுடன் விற்றது. வீடுகள் பிழைத்தன. ஆனால் அங்கு வாடகைக்கு இருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. வாடகை வீடுகளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம்மவர்க்கு அதனைப் பெருமூச்சின்றிக் கேட்க இயலாது.

எங்களுக்குக் கிடைத்த அறை மாளிகையில் அன்று. கொல்லைப்புறத்தில் தனித்து நின்ற செங்கல் கட்டடத்தின் மாடியில். கீழே சமையற்கட்டாய் இருந்ததாம். மாடியில் உறங்கியவர் யாவர்? அறையில் வைத்திருந்த அச்சுத்தாளில் குளியல் தொட்டியைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன; இதுபற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டுக்கார அம்மையாரைக் கேட்டோம். மறைக்காமல் சொன்னார்: “அடிமைகள்.” 1865-இல் அடிமைமுறை ஒழியும்வரை சமைத்தவரும் துவைத்தவரும் கோடையிலும் அனல் தணியாத அடுப்பின் மேல் அம்மாடியிலேயே படுத்தனர். இந்நகரின் பழஞ்செங்கற்கள் சிலவற்றில், அவற்றைச் செய்த அடிமைச் சிறுவரின் விரற்பதிவுகள் இன்றும் உண்டு. அன்றிரவு எங்களுள் எவருக்கும் உறக்கம் எளிதில் வரவில்லை.

இம்மாளிகைகளை எழுப்பிய செல்வத்தில் பெரும்பங்கு நெல்லால் வந்தது. அந்நெல்லை விளைவிக்கும் அறிவோ, மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டோர் உடன் கொணர்ந்தது. அவர்கள் உரலில் உலக்கையால் குத்தினர். வட்டமாகப் பின்னிய தட்டுக்கூடையில் புடைத்தனர். அவர்தம் வழிவந்த பெண்கள் நறும்புல்லால் அக்கூடைகளை இன்றும் பின்னிச் சந்தையில் விற்கின்றனர். எங்கள் வீட்டு மூதாட்டியார் ஒன்றைக் கையிலேந்தி, நம்மூர் முறத்தைப் போல் இருமுறை தட்டிக் காட்டினார். கூடைக்காரப் பெண்மணி வியந்து, “எங்கள் பாட்டியும் இவ்வாறே செய்வார்” என்றார். மொழி தெரியாத இருவரும் கால் மணி நேரம் கைகளாலேயே உரையாடினர். விலை மட்டும் குறையவில்லை. ஒரு கூடை பின்னப் பல நாட்கள் பிடிக்குமாதலின் அது முறையே.

அங்குச் செல்வோர் ஏய்க்கன்-ரெட் மாளிகையைத் தவறாது காண்க. அதைப் புதுப்பிக்காமல், அடிமைகளின் அறைகளோடு, கிடைத்த நிலையிலேயே பேணுகின்றனர். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறையிலேயே 2023-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்கும் அரைநாள் ஒதுக்குக. மரக்கறி உண்போர்க்கு ஓர் எச்சரிக்கை: ‘ஹாப்பின் ஜான்’ என்னும் காராமணிச் சோறு நம் உணவு போலவே தோன்றும், அதிற் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கமாதலின் கேட்டறிந்து உண்க.