மூன்று சக்கரம் இருந்தால் விழாதா?

செந்தூலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கடை வாசலில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் என்று பெரிய வண்டி ஒன்று விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை கார் மட்டுமே ஓட்டிய உங்கள் மாமா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "கப்சாய் என்றால் எனக்குப் பயம். இதில் மூன்று சக்கரம் இருக்கிறது, விழவே விழாது" என்கிறார். கூட நிற்பது நீங்கள். பள்ளியில் இயற்பியல் படிப்பவரும் நீங்கள்தான். மாமா சொல்வது சரியா?

பாதி சரி. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது அந்த வண்டி விழாது, கால் ஊன்ற வேண்டியதில்லை. ஆனால் வளைவில் என்ன நடக்கும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை மாமா பணம் கொடுப்பதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் இரண்டு சக்கர வண்டியைப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து இடப்பக்கம் சாய்கிறார்கள். நேராகவே போக விரும்பும் நிலைமம் அவர்களை வலப்பக்கம் தள்ளப் பார்க்கிறது. ஈர்ப்பு விசை கீழே இழுக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த விசை சரியாக டயர் தரையைத் தொடும் இடத்தின் வழியே போகும் அளவுக்குச் சாய்ந்துகொண்டால் கவிழாது. செந்தூலில் ரயில்வே பட்டறை இயங்கிய காலத்தில் அங்கே வேலை செய்த தாத்தாக்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். தண்டவாளம் வளையும் இடத்தில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவார்கள். ரயிலால் தானாகச் சாய முடியாது, அதனால் பாதையே அதைச் சாய்த்துவிடுகிறது.

சாயாத மூன்று சக்கர வண்டிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. நெடுஞ்சாலையின் ஏறுபாதையில் சாலை கொஞ்சம் சரிவாக இருக்கலாம். ஜாலான் ஈப்போவில் இருந்து ஒரு சந்துக்குள் திரும்பும்போது அதுவும் கிடையாது. வண்டி நிமிர்ந்தபடியே திரும்புகிறது, நிலைமம் அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அது எந்தக் கோட்டின் மேல் புரண்டு விழும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காருக்கு நான்கு சக்கரம். தரையில் அவை ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். கார் கவிழ வேண்டுமானால் வெளிப்பக்க இரண்டு சக்கரங்களை இணைக்கும் கோட்டைத் தாண்டிப் புரள வேண்டும். மூன்று சக்கரம் தரையில் வரைவது ஒரு முக்கோணம். ஒற்றைச் சக்கரத்தில் இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் சாய்ந்த கோடுதான் அதன் விளிம்பு. அந்த விளிம்பு ஈர்ப்பு மையத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஈர்ப்பு மையம் இரட்டைச் சக்கரத்தின் பக்கம் இருந்தால் முக்கோணம் அகலம். ஒற்றைச் சக்கரத்தின் பக்கம் நகர நகரக் குறுகல்.

ஒரு கணக்கு போடுவோம். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.6 மீட்டர். மொத்த எடையில் 60 விழுக்காடு இரட்டைச் சக்கரத்தின் மேல். ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 0.65 × 0.6 = 0.39 மீட்டர். அதை உயரத்தால் வகுத்தால் 0.65. பக்கவாட்டுத் தள்ளல் வண்டியின் எடையில் 65 விழுக்காட்டை எட்டினால் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும் என்பது இதன் பொருள்.

40 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் அந்தத் தள்ளல் எடையில் 31 விழுக்காடு. 60 கிலோமீட்டரில் 71 விழுக்காடு. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தள்ளல் இரண்டேகால் மடங்காகிவிட்டது. வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. நம் வண்டியின் எல்லை ஏறக்குறைய 57 கிலோமீட்டர்.

இப்போது மாமா அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பின்பெட்டியில் துணிமணியும் அடைத்து ஈப்போவுக்குக் கிளம்புகிறார். முன்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் அத்தை உட்காருவது ஒற்றைச் சக்கரத்துக்கு மேலே. ஈர்ப்பு மையம் முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கி நகர்கிறது, உயரவும் செய்கிறது. இரட்டைச் சக்கரத்தின் பங்கு 50 விழுக்காடு, உயரம் 0.65 மீட்டர் என்று வைத்தால் 0.65 என்ற எண் 0.5 ஆகிவிடும். அதே வளைவில் எல்லை 50 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. வண்டியை யாரும் தொடவில்லை, ஆட்கள் உட்கார்ந்த விதம் மட்டுமே மாறியது. சுற்றுலா வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்து வாங்குவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தடித்த அட்டையில் 13 சென்டிமீட்டர் அகலமும் 17 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட முக்கோணம் வெட்டுங்கள். மூன்று மூலைகளின் அடியிலும் அழிப்பான் துண்டுகளை ஒட்டுங்கள். 12 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு டின்னில் அரிசி நிரப்பி, முக்கோணத்தின் கூர்முனையில் இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வைத்து நாடாவால் ஒட்டுங்கள். துணி விரித்த தட்டில் அதை வைத்து, தட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்குங்கள். ஏறக்குறைய 30 பாகையில் கவிழும். டின்னை 2 சென்டிமீட்டர் கூர்முனையின் பக்கம் நகர்த்தி மீண்டும் தூக்குங்கள். பாகைமானி இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். மாமாவிடம் சூத்திரம் காட்டுவதைவிட இதைக் காட்டுவது எளிது.

ஒற்றைச் சக்கரம் முன்னாலா, பின்னாலா?

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம்தான், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. முன்னால் ஒரே சக்கரம் இருந்தால் திருப்பும் அமைப்பு சுலபம். தமிழ்ப் படங்களில் நீங்கள் பார்க்கும் ஆட்டோவும் அதே வடிவம். பினாங்கு பெச்சா நேர் எதிர்: இரண்டு சக்கரமும் பயணியும் முன்னால், மிதிப்பவர் பின்னால்.

வளைவில் பிரேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் உயிரோடு விளையாடும். பிரேக் பிடித்தால் எடை முன்னால் பாயும், வளைவு அதை வெளிப்பக்கம் தள்ளும். இரண்டும் சேர்ந்து முன்பக்க வெளிமூலையை நோக்கிப் போகும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் அந்த மூலையில் ஒரு சக்கரம் தாங்குவதற்கு இருக்கிறது. முன்னால் ஒன்றுதான் என்றால் அந்த மூலை காலி.

கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007இல் வெளியிட்ட கேன்-ஆம் ஸ்பைடர் முன்னால் இரண்டு சக்கர வகை. உட்பக்கச் சக்கரம் எழப்போகும் அறிகுறி தெரிந்தால் இயந்திரத்தின் சக்தியைக் குறைத்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் அதில் உண்டு. பழைய ஸ்பைடர் ஒன்றைப் பார்க்கப் போனால், சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, பிறகு அணைகின்றனவா என்று கவனியுங்கள். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், கோளாறை யாரோ மறைத்திருக்கலாம்.

சாயும் மூன்று சக்கர வண்டிகளும் உண்டு. இத்தாலியின் பியாஜியோ 2006இல் கொண்டுவந்த எம்பி3, யமஹாவின் டிரிசிட்டி போன்றவை. இவற்றின் முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியோடு சேர்ந்து சாயும். இவை வளைவில் இரண்டு சக்கர வண்டியைப் போலவே நடந்துகொள்ளும், முன்னால் கூடுதல் பிடிப்பும் கிடைக்கும். ஆனால் சாய்வைப் பூட்டாமல் நிறுத்தினால் சாதாரண மோட்டார் சைக்கிளைப் போலவே கீழே விழும். ஆகவே கடைக்காரரிடம் மாமா கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "இது சாயுமா, சாயாதா?" என்பதுதான்.

இரண்டு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சாயாத வண்டியில் ஏறினால் முதல் வளைவிலேயே தடுமாறுவார்கள். வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப இடக் கைப்பிடியை முன்னால் தள்ளுவது அவர்களுடைய கைக்குப் பழக்கம். இங்கே அப்படித் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். இந்த விஷயத்தில் மட்டும் புதியவரான மாமாவுக்குச் சற்று வசதி: அவர் மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

நம் ஊர் மூன்று சக்கரம்

செந்தூலில் ஸ்பைடரைவிட அதிகம் கண்ணில் படக்கூடியது, கப்சாயின் பின்னால் இரண்டு சக்கரம் பொருத்தி மாற்றிய வண்டி. நடக்கச் சிரமப்படும் மாற்றுத்திறனாளிகள் பலருக்கு வேலைக்கும் கடைக்கும் போக அதுதான் கால். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, கணக்கு இங்கேதான் கடுமையாகிறது என்பதால் சொல்கிறேன்.

சக்கரங்களுக்கு இடையே 0.9 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.7 மீட்டர் உயரம், பின்னால் 60 விழுக்காடு எடை என்று வைத்தால் எண் 0.39தான். அதே வளைவில் 44 கிலோமீட்டரிலேயே சக்கரம் எழும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வு இதைவிட அதிகம். இதனால், கார் போல முதலில் வழுக்கி எச்சரிக்காமல் இந்த வண்டி நேராகக் கவிழ்ந்துவிடும். அமர்வை 10 சென்டிமீட்டர் தாழ்த்துவதும், சக்கரங்களைச் சற்று அகலமாகப் போடுவதும் பெரிய வித்தியாசம் தரும். எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் பின் அச்சில் இருக்கிறது. உட்பக்கச் சக்கரம் 3 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் 3.9 மீட்டர் ஆரத்தில் போகிறது, அதாவது 30 விழுக்காடு கூடுதல் தூரம். காரில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு இருக்கிறது. மலிவாக மாற்றிய வண்டியில் இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கியிருக்கலாம். அப்போது ஒரு டயர் தேய்ந்தே ஆக வேண்டும், வண்டியும் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்காக வந்த மூன்று சக்கர வண்டிகளிலும் இதே கதை. குறுகிய முக்கோணம், உயரமான அமர்வு, இறுகிய பின் அச்சு. விபத்துகள் பெருகியதால் 1988இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்த உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். இடத்தை நான்கு சக்கர வண்டிகள் பிடித்தன.

அச்சு எந்த வகை என்று தெரிந்துகொள்ளக் கழற்ற வேண்டாம். மணல் படிந்த தரையில் வண்டியை ஒரு சிறிய வட்டத்தில் தள்ளுங்கள். டயர் தடம் தெளிவாக இருந்தால் நல்லது. மணல் இழுபட்டுக் கலைந்திருந்தால் சக்கரம் உருளவில்லை, உரசுகிறது. அப்படியே குனிந்து, சட்டத்தில் வெல்டிங் செய்த இடங்களில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத சுற்றுலா வண்டிகளில் டயர் பூ தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் முதிர்ந்து கெட்டியாகியிருக்கும். முன்சக்கரங்களில் ஒன்று உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று பொருள். மழைக்காலத்துக்கும் டயர் முக்கியம். அகலமான டயரின் மேல் எடை குறைவாக இருந்தால் தேங்கிய நீரில் அது சீக்கிரம் மிதக்கும். மூன்று சக்கரம் மூன்று தடத்தில் ஓடுவதால் குழியை ஒதுக்குவதும் கடினம். ஒன்றைத் தப்பவைத்தால் இன்னொன்று இறங்கும்.

சாயாத வண்டிக்குப் பக்கக் கால் கிடையாது, அதனால் நிறுத்தும் பிரேக் வேலை செய்தே ஆக வேண்டும். பெரிய சுற்றுலா வகைக்குப் பின்னோக்கிப் போகும் கியரும் வேண்டும். 450 கிலோ வண்டி 5 பாகைச் சரிவில் நின்றால், அதை மேலே தள்ளுவது ஏறக்குறைய 39 கிலோவைத் தூக்குவதற்குச் சமம், உராய்வு தனி. அகலம் ஒன்றரை மீட்டர் என்பதால் நெரிசலில் கார்களுக்கு இடையே நுழைந்து போகலாம் என்ற ஆசையையும் மாமா விட்டுவிட வேண்டும்.

கடைசியாகத் தாள்கள். சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்கள் வண்டியின் கிராண்டில் உள்ள எண்களோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு சக்கரமாகப் பிறந்து மூன்று சக்கரமாக மாறிய வண்டி என்றால், அந்த மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு காப்புறுதி விஷயத்தில் பெரிய தலைவலி வரும். மாமாவிடம் இருப்பது கார் உரிமம். நம் நாட்டில் பலர் முதலில் எடுக்கும் பி2 மோட்டார் சைக்கிள் உரிமம் 250 சிசி வரைதான். ஸ்பைடரின் முதல் இயந்திரமே 998 சிசி. கிராண்டில் அந்த வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு எந்த உரிமம் வேண்டும் என்று ஜேபிஜே முகப்பிலேயே கேட்டுவிடுங்கள். முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.