பனிக் காலத்தில் பெயின்ட் சீக்கிரம் காய்வதற்கு

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், கதவு, ஜன்னல், வண்டி, தானிய டிரம் ஆகியவற்றுக்குப் பெயின்ட் பூசுவதும் வண்டலூர், படப்பை, மணிமங்கலம் எனத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வழக்கம். ஆனால் அந்த வேலை நடக்கும் மார்கழி, பூச்சு காய்வதற்கு ஏற்ற மாதமல்ல. வடகிழக்குப் பருவ மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். சுவரில் ஈரம், தரையில் ஈரம், விடியற்காலையில் பனி. மூன்று நாளாகியும் கதவு கையில் ஒட்டுவது இதனால்தான். அதற்குள் சம்பா நெல் களத்துக்கு வந்துவிடும். பெயின்ட் வாடை போகாத டிரம்மில் நெல்லைக் கொட்ட முடியாது.

காய்வது எப்படி?

எல்லாப் பூச்சும் ஒரே விதமாகக் காய்வதில்லை. டிஸ்டம்பரில் உள்ள நீர் ஆவியானால் அது காய்ந்துவிடும். எனாமல் பெயின்ட் இரண்டு கட்டமாகக் காயும். முதலில் டர்பன்டைன் போன்ற திரவம் ஆவியாகும். சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பசை காற்றிலுள்ள பிராண வாயுவை இழுத்துக் கெட்டிப்படும். இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். சுண்ணாம்போ கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. ஆகவே மூன்றுக்கும் பொதுவாக வேண்டியது காற்று. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பூசும் முறை

பனி ஈரம் உலர்ந்த பிறகு, காலை 10 மணிக்குமேல் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். மாலையில் பூசினால் இரவுப் பனி படிந்து பளபளப்பு மங்கிவிடும்.

கனமாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக இரு முறை பூசுவதே சீக்கிரம் காயும். கனமான பூச்சில் மேலே ஆடை கட்டிவிடும். காற்று உள்ளே போகாது. அடியில் பல நாள் பச்சையாகவே இருக்கும். முதல் பூச்சுக்கு ஒரு நாள் விட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அதன்பின் இரண்டாவது பூச்சைப் பூச வேண்டும். புதுப் பூச்சைச் சுட்டெரிக்கும் வெயிலில் வைத்தால் சுருக்கம் விழும். நிழலான காற்றோட்டமே நல்லது.

செய்யக் கூடாதவை

சிக்கனத்துக்காகச் சிலர் எனாமலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாவதால் பூச்சு காயத் தாமதமாகும்; நிறமும் மங்கும். காய வைக்கும் மருந்து பெயின்ட்டிலேயே அளவோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. மேலும் சேர்த்தால் சுருங்கும்.

அறையைச் சாத்திக் கரியடுப்பு மூட்டி உலர்த்துவது உயிருக்கே ஆபத்து. டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். கரிப் புகையிலுள்ள நச்சு வாயு வாசனையில்லாமலே ஆளைக் கொல்லும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அவற்றைத் திறந்த வெளியில் விரித்துக் காயப் போட வேண்டும்.

ஈரச் சுவருக்கு என்ன வழி?

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நீர் குடித்த செங்கல் சுவரில் மேற்புறம் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் பல வாரம், சில இடங்களில் பல மாதம்கூட நிற்கும். அதன்மேல் எனாமல் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். செய்த செலவு முழுவதும் வீண்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு முழ அகலப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி கட்டினால் சுவர் இன்னும் காயவில்லை என்று பொருள். உப்புப் பூத்திருந்தால் நீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். சுவரை ஒட்டி மண்ணோ எருவோ குவித்திருந்தால் அகற்ற வேண்டும். அவசரமானால் இந்த ஆண்டுக்குச் சுண்ணாம்பே அடிக்கலாம். அது ஈரத்தை வெளியே விடும், செலவும் குறைவு.

வீட்டுச் சாமான்கள்

நனைந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தரையில் போடாமல் கட்டிலில் கிடத்தி, அடிக்கடி தட்டித் திருப்பிப் போட வேண்டும். சாக்குகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கொடியில் தொங்கவிட வேண்டும். மரச்சாமானும் கூடை, முறமும் நிழலில் காய்வது நல்லது. கடும் வெயிலில் வெடிக்கும். நீர் புகுந்த பம்புசெட் மோட்டாரை வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பிச் சுவிட்ச் போடக் கூடாது. மெக்கானிக் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

டிரம்மும் விதை நெல்லும்

தானிய டிரம்முக்கு வெளியில் மட்டுமே பெயின்ட் பூச வேண்டும். உட்புறம் தொடக் கூடாது. உட்புறத்தைத் துடைத்து வெயிலில் வைத்தால் போதும். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே பூசிவிடுவது உத்தமம். ஒரு இரவு மூடி வைத்துக் காலையில் திறக்கும்போது பெயின்ட் வாடை வந்தால், நெல்லைக் கொட்டாமல் மேலும் சில நாட்கள் திறந்து வைக்க வேண்டும்.

விதை நெல்லும் 13 சதவீத ஈரத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் சிறிது காய்ந்த தூள் உப்பும் நெல்லும் போட்டு நன்றாகக் குலுக்கிச் சற்று விட்டுப் பார்க்கலாம். உப்பு பாட்டிலின் பக்கங்களில் ஒட்டினால் நெல்லில் 15 சதவீதத்துக்குமேல் ஈரம் இருக்கிறது. மீண்டும் காய வைக்க வேண்டும். ஒட்டாத நெல்லையும் விதைக்கென்றால் இன்னும் ஒரு வெயில் காட்டுவது நல்லது.

மாட்டுக் கொம்புக்கு வர்ணம்

பரணில் கிடக்கும் பழைய பெயின்ட்டை மாட்டுக் கொம்புக்கோ தீவனத் தொட்டிக்கோ பூசக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய டின்களில் ஈயம் அதிகம் இருக்கக்கூடும். மாடு ஒன்றையொன்று நக்கும். குழந்தைகள் தொட்டு வாயில் வைப்பார்கள். கொம்புக்கு மஞ்சளும் காவியுமே போதும். அவை காய அரை மணி நேரம்கூடப் பிடிக்காது.