பிறர் துயில் காப்போர்

கங்கைக் கரையிலே இராமனும் சீதையும் துயில்கொள்ள, விடியுமட்டும் வில்லேந்தி விழித்து நின்ற இலக்குவனைக் கம்பர் நமக்குக் காட்டுகிறார். குகன் அதனைச் சொல்லக் கேட்டுப் பரதன் உருகுகிறான். இலக்குவன் அஞ்சியது வெளியே இருந்து வரக்கூடிய பகையை. துயில்பவரின் தொண்டைக்குள்ளேயே ஒரு பகை ஒளிந்திருக்கக்கூடும் என்று அக்காலத்தில் எவர்தாம் எண்ணியிருப்பர்? இக்காலத்திலோ, அந்தப் பகையைக் காத்திருந்து காண்பதற்கென்றே ஒரு தொழில் பிறந்திருக்கிறது. உறக்க ஆய்வுகூடத்தில் இராமுழுவதும் விழித்திருந்து, பிறருடைய நித்திரையைப் பதிவு செய்து படிப்பதே அத்தொழில். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இது முறையாகப் பயின்று, பரீட்சையில் தேறிச் செய்யப்படும் தொழிலாக வளர்ந்துவிட்டது.

மாலை மங்கியதும் பரிசோதனைக்குரியவர் தம் சொந்தத் தலையணையைக் கையோடு கொண்டு வருவார். அவருடைய தலையைப் பரிசோதகர் அளவுநாடாவினால் அளந்து, வண்ணப் பென்சிலால் புள்ளிகள் இடுவார். மூக்கின் அடிவேரிலிருந்து பிடரி எலும்பு வரையுள்ள தூரத்தைப் பத்தும் இருபதுமான வீதங்களில் பங்கிட்டுக் குறிக்கும் இம்முறை 1958 இல் உலகப் பொதுமுறையாக வெளியிடப்பட்டது. புள்ளியிட்ட இடத்தைத் தேய்த்துத் துடைத்து, பசை தடவி, சிறு கிண்ணம் போன்ற மின்வாய்களை ஒட்டுவார். தலையில் சில, கண்ணோரத்தில் இரண்டு, நாடியிலே சில, கால்களில் சில, மார்பிலே இதயத்துக்காகச் சில. மூக்கின் கீழ் மூச்சறியும் குழல், மார்பையும் வயிற்றையும் சுற்றி இரு வார்கள், விரல் நுனியில் செந்நிற ஒளி வீசும் கவ்வி. இத்தனை கம்பிகளோடு மனிதன் உறங்குவானா என்று எவரும் ஐயுறுவர். ஆயினும் பெரும்பாலோர் உறங்கிவிடுகின்றனர்.

விளக்கணைக்குமுன் ஒரு சிறு சடங்கு உண்டு. பரிசோதகர் அடுத்த அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசுவார். “கண்களை மூடுங்கள். திறவுங்கள். தலையை அசைக்காமல் இடப்புறம் பாருங்கள், வலப்புறம் பாருங்கள். பல்லைக் கடியுங்கள். குறட்டை விடுவது போல் ஒலி எழுப்புங்கள். மூச்சைச் சற்றே அடக்குங்கள்.” சொன்னபடி நோயாளர் செய்யச் செய்யத் திரையிலே கோடுகள் அசைகின்றன. விழித்திருக்கும் மனிதனின் கண்ணசைவு எத்தகையது என்று முதலில் அறிந்தாலன்றோ உறங்குபவனின் கண்ணசைவை அடையாளம் காணலாம்?

அந்தக் கண்ணசைவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1951 ஆம் ஆண்டின் இறுதியில், சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஏழை மாணவர் பழுதுபட்ட பழைய பதிவு இயந்திரம் ஒன்றைச் செப்பனிட்டு, தம் எட்டு வயது மகனுக்கே கம்பிகளை ஒட்டிப் படுக்க வைத்தார். இரவிலே மைமுனைகள் திடீரெனத் துள்ளிக் குதித்தன. மகன் விழித்துக்கொண்டான் என எண்ணி அறைக்குள் சென்று பார்த்தால், பிள்ளை அயர்ந்து கிடக்கிறான். மூடிய இமைகளின் கீழே கண்மணிகள் மட்டும் விரைந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. இயந்திரக் கோளாறோ என்று முதலில் மயங்கினார். அவருடைய ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மன் லேசில் நம்புபவர் அல்லர். உறக்கத்தின் தாளத்தை ஆராய்வதற்காக 1938 இல் கென்டக்கி மாநிலத்துக் குகையொன்றில் ஒரு மாதத்துக்கு மேல் சூரியனைக் காணாமல் தங்கியிருந்த மனிதர் அவர். அவரும் தம் மகளைப் படுக்க வைத்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார். 1953 இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, கண்கள் ஓடும் வேளையில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவைக் கூறினர் என்பதை உலகுக்கு அறிவித்தது. உறக்கம் என்பது மூளை அணைந்து கிடக்கும் இருள் என்ற பழங்கொள்கை அன்றே ஆட்டங்கண்டது. மகனின் அறைக்கு வெளியே ஒரு தந்தை உறங்காதிருந்தமையாலன்றோ இது நிகழ்ந்தது!

அக்காலத்தில் எல்லாம் கடதாசியிலேயே பதிவாயின. 1968 இல் வகுத்த விதிப்படி விநாடிக்கு 10 மில்லிமீற்றர் வேகத்தில் கடதாசி ஓடினால், எட்டு மணித்தியால இரவொன்றுக்கு 288 மீற்றர் நீளம் சேரும். முப்பது விநாடிக்கு ஒரு பக்கமாக 960 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, இது விழிப்பு, இது மேலோட்டமான துயில், இது ஆழ்துயில், இது கனவுத் துயில் என்று பரிசோதகர் எழுதிச் செல்வார். இன்று கடதாசி போய்க் கணினித் திரை வந்துவிட்டது. முப்பது விநாடிக் கணக்கு மட்டும் மாறவில்லை.

நள்ளிரவுக்குப் பின்னரே இத்தொழிலின் கடினமான பகுதி தொடங்குகிறது. குறட்டை விடுபவனைக் கும்பகர்ணன் என்று நகைப்பது நம் வழக்கம். குறட்டை நல்லுறக்கத்தின் முரசு என்றே நினைத்துவிட்டோம். திரையின் முன் இருப்பவர் அறிவார், அந்த முரசு திடீரென ஓயும்போதுதான் அஞ்ச வேண்டும் என்பதை. மூக்கின் மூச்சைக் காட்டும் கோடு தட்டையாகிறது. மார்பிலும் வயிற்றிலும் கட்டிய வார்களோ ஓயவில்லை. ஒன்று விரிய மற்றது ஒடுங்குகிறது. உடல் மூச்சுக்காகப் போராடுகிறது. தொண்டை அடைத்துக் கிடக்கிறது. பத்து விநாடி கடந்தால் அது கணக்கில் சேரும் மூச்சுத்தடை. இருபது, முப்பது, நாற்பது விநாடிகளும் செல்வதுண்டு. குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவு படிப்படியாக இறங்குகிறது. பின்னர் ஒரு பெரிய கனைப்பு. மூளை ஒரு கணம் விழிக்கிறது. மூச்சு பாய்ந்து வருகிறது. மனிதன் மீண்டும் உறங்குகிறான். மணித்தியாலத்துக்கு முப்பது முறையோ அதற்கு மேலோ இவ்வாறு நிகழுமாயின் நோய் கடுமையானது என்பர். காலையில் அம்மனிதர், “நன்றாகத்தான் உறங்கினேன், ஆனால் ஏனோ களைப்பாக இருக்கிறது” என்பார். தம் இரவைப் பற்றி எல்லோரிலும் குறைவாக அறிந்தவர் அவரேதாம்.

இதைப் பார்த்துக்கொண்டு பரிசோதகர் என்ன செய்கிறார்? ஓடிப்போய் எழுப்புவதில்லை. எழுப்பினால் அந்த ஒரு மூச்சு தப்பும். நோயோ அளக்கப்படாமல் போகும். அடுத்த ஆயிரம் இரவுகளிலும் அவர் வீட்டில் எவரும் காணாமலே மூச்சடைத்துக் கிடப்பார். ஆதலால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். எந்த எல்லையைத் தாண்டினால் உள்ளே செல்லலாம், எப்பொழுது வைத்தியரை அழைக்க வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. இதயத்தின் தாளம் தவறினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. அந்த எல்லைக்கு இப்பால் உள்ளதெல்லாம் பொறுமையே. தாதியருக்கும் வைத்தியருக்கும் கைக்கு வேலை உண்டு. இவருக்கோ, செய்யாமல் இருப்பதே பாதி வேலை. எந்தப் பரீட்சையும் இதைக் கற்பிக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதல் இரண்டு மணித்தியாலப் பதிவிலேயே நோய் ஐயமின்றித் தெளிந்துவிட்டால், கைகட்டியிருந்தவருக்கு அதே இரவில் கைகொடுக்கவும் வாய்ப்புக் கிடைக்கும். மெல்ல உள்ளே சென்று, மூக்கிலே ஒரு கவசத்தைப் பொருத்தி, அதன் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்துவார். இம்முறையைச் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் கண்டு, 1981 இல் ஐந்து நோயாளரிடம் சோதித்த செய்தியை வெளியிட்டார். அதற்கு முன், கடுமையான நோய்க்குத் தொண்டையிலே துளையிடுவதே பெரும்பாலும் கதியாக இருந்தது. பரிசோதகர் 4 சென்ரிமீற்றர் நீரழுத்தத்தில் தொடங்கி, ஐந்து நிமிடமேனும் பொறுத்துப் பொறுத்து, சிறிது சிறிதாக ஏற்றுவார். ஏதோ ஓர் அளவில் தொண்டை திறந்துகொள்ளும். குறட்டை அடங்கும், தட்டையான கோடு அலையாய் எழும். பின்னர், பல காலமாகத் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்த கனவுத்துயில் வெள்ளம் போலத் திரும்பி வரும். திரையிலே கண்மணிகள் நெடுநேரம் ஓடும். அடுத்த அறையில் ஒருவர் பல ஆண்டுகளின் பின் நிம்மதியாகக் கனவு காண்பதை, அவருக்கு முன்னதாகவே அறிந்துகொள்ளும் பேறு இப்பரிசோதகருக்கு வாய்க்கிறது.

இக்காலத்தில் வீட்டிலேயே அணிந்து படுக்கத்தக்க சிறு கருவிகள் வந்துவிட்டன. கணினியும் பக்கங்களைத் தானே வகுக்கப் பழகிவிட்டது. செலவு குறைவு, பலருக்கு அதுவே போதும். ஆனால் அக்கருவிகளிற் பல மூளையலையைப் பதிவதில்லை. ஆகவே மூச்சை எண்ணுகின்றனவேயன்றி, மனிதன் உண்மையில் உறங்கினானா என்பதை அறியா. கனவிலே கைகால் வீசி எழுந்து அடிக்கும் ஒரு கோளாறு உண்டு. 1986 இல் மினசோட்டா வைத்தியர்களால் விவரிக்கப்பட்ட அது, சிலரிடத்தில் நடுக்குவாத நோய்க்குப் பல ஆண்டுகள் முந்திவரும் அறிகுறியாக அமைகிறது. அதனை உறுதிப்படுத்துவதற்கு ஆய்வுகூடத்து இரவே வேண்டும்.

விடிந்ததும் பசையைக் கழுவிக்கொண்டே நோயாளர் கேட்பார்: “என்ன கண்டீர்கள்?” பரிசோதகர் எல்லாம் கண்டவர். ஆனால் நோயைக் கூறும் உரிமை அவருக்கில்லை. “வைத்தியர் பார்த்துச் சொல்லுவார், ஐயா” என்று மட்டும் கூறி, கம்பிகளைச் சுருட்டி வைப்பார்.

பின்னர் அவர் வீடு செல்ல வேண்டும். உறக்கமின்மையின் தீங்குகளை இரவெல்லாம் எழுதியவர், தாம் உறங்காமலே வெயிலில் காரை ஓட்டிச் செல்கிறார். இரவுப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையிலே உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007 இல் சேர்த்தது. 2019 இல் மீண்டும் உறுதிசெய்தது. அசெரின்ஸ்கி 1998 இல், தம் 77 ஆவது வயதில், காரொன்று மரத்தில் மோதி இறந்தார். ஓட்டிச் செல்கையில் உறங்கியிருக்கலாம் என்று பேசப்பட்டது. பகலொளி நுழையாதபடி கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பரிசோதகர் காலை ஒன்பது மணிக்குப் படுக்கிறார். அவருடைய நித்திரையைக் காப்பதற்கு அங்கே எவரும் விழித்திருப்பதில்லை.