பிடித்த கடையும் பிடிக்காத கடையும்

தளி என்னும் பெயருடைய ஊர் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேல் உண்டு. உடுமலைப்பேட்டைக்கு அருகே ஒரு தளி இருக்கிறது. நான் சொல்லப்போவது அதுவன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கர்நாடக எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் தளியைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே நிலவும் குளிர்ச்சியைக் கண்ட வெள்ளையர்கள் அதனைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தார்கள். கேழ்வரகும் ரோஜாவும் விளையும் மண் அது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். பொருள் வாங்கவேண்டுமென்றால் தெருமுனையில் மளிகைக் கடை உண்டு, சந்தை உண்டு. இவை போதாவிட்டால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் இருக்கிறது. ஓசூரையும் தாண்டிப் போகிறவர்களுக்குப் பெங்களூர் இருக்கவே இருக்கிறது.

அந்த ஊர் மாணவர்கள் சிலரோடு ஒருநாள் மாலை பேசிக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு மிகவும் பிடித்த கடை எது? சற்றும் பிடிக்காத கடை எது?" என்று விளையாட்டாகக் கேட்டேன். ஓசூரிலுள்ள பெரிய கடைகளின் பெயர்களையே எல்லாரும் சொல்வார்கள் என்று நினைத்தேன். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"எங்கள் தெரு மளிகைக் கடைதான் ஐயா எனக்குப் பிடிக்கும். 2020இல் ஊரடங்கு வந்தபோது பூ வாங்க ஆளில்லை. பறித்துப் பறித்துக் குழியில் கொட்டினோம். அந்த மாதங்கள் முழுவதும் கடைக்காரர் எங்கள் பெயரில் கணக்கு எழுதிக்கொண்டு அரிசியும் எண்ணெயும் கொடுத்தார். ஓசூர்ப் பெரிய கடை கொடுத்திருக்குமா?"

நல்ல விடைதான். ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் தாயின் மகள் ஒருத்தி உடனே மறுத்துப் பேசினாள். "எனக்கு ஓசூர்க் கடைதான் பிடிக்கும் ஐயா. அங்கே என் அம்மாவை 'சற்று ஒதுங்கி நில், அப்புறம் தருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. விலை எழுதியிருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம், வரிசையில் நிற்கிறோம். இவன் வீட்டுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர் எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருப்பாரா? அதை இவனே சொல்லட்டும்."

பையன் பேசவில்லை. எனக்கும் அப்போது பேச்சு எழவில்லை. கடைகளைப் பற்றி நாம் சொல்லும் விருப்பு வெறுப்புகளுக்கு அடியில் எவ்வளவு பெரிய செய்தி மறைந்திருக்கிறது என்பதை அந்தப் பெண்தான் எனக்குக் காட்டினாள். முகம் தெரிந்த கடை ஒருவருக்கு ஆதரவு. மற்றொருவருக்கு அதுவே அவமதிப்பு. முகம் தெரியாத கடை ஒருவருக்கு அன்னியம். மற்றொருவருக்கு அதுவே நிம்மதி.

ஒரே பெயர்ப் பலகை, ஒரே கொள்முதல், ஏறத்தாழ ஒரே விலை, ஆனால் பல ஊர்களில் பல கடைகள். இப்படி அமைந்தவற்றைச் சங்கிலித் தொடர்க் கடைகள் என்கிறோம். ஆயிரம் கடைகளுக்கு வேண்டிய பருப்பை ஒரே பேரமாக வாங்குகிறவர் மூட்டைக்கு இவ்வளவு என்று விலையைக் குறைத்துக் கேட்க முடியும். இடைத்தரகர்கள் சிலர் விலகிவிடுகிறார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு நமக்கு வரலாம், வராமலும் போகலாம். இதன் பொருளாதாரம் இவ்வளவுதான்.

கடனைப் பற்றி அந்தப் பையன் சொன்னான் அல்லவா? கடன் கொடுப்பதே கூடாது என்று தொடங்கிய கடை ஒன்று உண்டு. 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு ஊரில் தொழிலாளர் சிலர் சேர்ந்து அதைத் திறந்தார்கள். தொடங்கியவர் தொகையை 28 என்று சொல்வது மரபு. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே முதலில் விற்ற சரக்குகள். கடன் வேண்டாம் என்று அவர்கள் ஏன் சொன்னார்கள்? அந்நாளில் தொழிலாளி கடைக்காரரிடம் பட்ட கடன் அவனை அதே கடையில் கட்டிப் போட்டது. மாவில் கலப்படம் இருந்தாலும், எடை குறைந்தாலும் வாய்திறக்க முடியாது. வேறு கடைக்குப் போகலாம் என்றால் பழைய பாக்கியை முதலில் தீர்க்கவேண்டும். ஆகவே கலப்படமற்ற பொருள், சரியான எடை, கைமேல் காசு, ஆண்டு முடிவில் அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப ஆதாயத்தில் பங்கு என்று அவர்கள் விதி வகுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு கடை பின்பு பல கிளைகளாக விரிந்தது. உலகெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. நம் சென்னையில் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததே. அதுவும் நகரின் பல பகுதிகளில் கிளை பரப்பிற்று.

முதலாளிகள் நடத்திய தொடர்க் கடைகளில் நம்மவர் நன்கு அறிந்தது பாட்டா. பலர் அதனை இந்தியக் கம்பெனி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செக் நாட்டிலுள்ள ஸ்லின் என்னும் ஊரில் 1894இல் தோமாஷ் பாட்டாவும் அவருடைய உடன்பிறந்தாரும் தொடங்கிய தொழில் அது. முதல் உலகப் போருக்குப்பின் அந்நாட்டில் பண நெருக்கடி வந்தபோது, 1922இல் அவர் தம் காலணிகளின் விலையைச் சரிபாதியாகக் குறைத்தார். மற்றவர்கள் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். ஆனால் கடை வாசல்களில் கூட்டம் அலை மோதிற்று. 1931இல் இந்தியாவில் கால் வைத்த அந்த நிறுவனம் கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் என்று ஓர் ஊரையே எழுப்பியது. ஒன்பதில் முடியும் விலை பாட்டாவின் அடையாளமாயிற்று. நூறு என்று சொல்லாமல் தொண்ணூற்றொன்பது என்று சொல்லும் அந்தத் தந்திரத்தை இன்று எல்லாக் கடைகளும் கற்றுக்கொண்டுவிட்டன. தந்திரம் என்று தெரிந்தும் நாம் ஏமாறுகிறோம்! எனினும் ஒன்று சொல்லவேண்டும். ஜமீன்தார் மகனுக்கும் ஜவுளிக் கடைச் சிப்பந்தி மகனுக்கும் பேரம் இல்லாமல் ஒரே விலை என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று.

பேரம் இல்லாத விலை என்னும் இந்தப் பழக்கத்துக்குச் சட்டமும் துணை வந்தது. வீசை, பலம், படி என்று ஊருக்கு ஊர் மாறிய அளவைகளை ஒழித்து மெட்ரிக் அளவைக்கு வழி செய்த சட்டம் 1956இல் பிறந்தது. உறைகளில் அடைத்து விற்கும் பொருள்களில் என்னென்ன விவரம் அச்சிடவேண்டும் என்பதற்கான விதிகள் 1977இல் வந்தன. இன்று நீங்கள் வாங்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசு கேட்கவும் கடைக்காரருக்கு உரிமை இல்லை. குறைத்துக் கொடுக்கலாம், தடையில்லை.

இனி நம் ஓசூரிலேயே வேர்கொண்ட ஒரு தொடரைப் பார்ப்போம். 1984இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தை ஏற்படுத்தின. தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இளைஞர்கள் பலருக்குத் தொழிற்சாலை வேலை என்ற சொல் பழக்கமானது ஓசூரின் அந்த வளர்ச்சியால்தான். அந்நிறுவனமே 1990களின் நடுவில் தனிஷ்க் என்னும் பெயரில் நகைக் கடைகளைத் திறந்தது. முதலில் 18 காரட் நகைகளைக் கொண்டுவந்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்! 22 காரட்டுக்குக் குறைந்தது அவர்களுக்குப் பொன்னாகவே தோன்றவில்லை. நிறுவனம் தன் தவற்றை உணர்ந்து வழி மாற்றிக்கொண்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் சுவையான செய்தி. காரட் மீட்டர் என்னும் கருவியைக் கடையில் வைத்து, "உங்கள் பழைய நகையைக் கொண்டுவந்து சோதித்துப் பாருங்கள்" என்றார்கள். இக்கருவி உரைகல்லைப் போல நகையைத் தேய்ப்பதில்லை. ஊடுகதிரை நகையின்மேல் செலுத்துகிறது. பொன், வெள்ளி, செம்பு ஆகிய ஒவ்வோர் உலோகமும் அக்கதிரைப் பெற்றுத் தனக்கே உரிய ஆற்றலுடைய கதிரைத் திருப்பி வெளியிடும். அவற்றை அளந்து நூற்றுக்கு எத்தனை பங்கு பொன் என்று கருவி சொல்லிவிடும். 24 பங்கில் 22 பங்கு பொன் என்றால் நூற்றுக்கு 91.6. தலைமுறை தலைமுறையாக நம்பிய கடையில் வாங்கிய நகை அந்த அளவை எட்டவில்லை என்று பலர் அப்போதுதான் கண்டார்கள். முகம் தெரிந்த கடை என்ற நம்பிக்கைக்கு எவ்வளவு பெரிய அடி! இதனால் எல்லா ஊர்ப் பொற்கொல்லர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மையாய்ச் செய்தவர்களும் ஏராளம். ஆனால் நேர்மையை அளந்து பார்க்க வழியில்லாத நிலையில் நல்லவரும் அல்லாதவரும் ஒரே தட்டில்தான் நின்றார்கள். 2021ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் நாட்டின் பல மாவட்டங்களில் தரமுத்திரை கட்டாயமாயிற்று. இன்று நகையில் ஆறெழுத்து அடையாளக் குறி ஒன்றும் இருக்கவேண்டும்.

பெரிய கடைகளைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று எண்ணவேண்டாம். எனக்குப் பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 1997இல் சுபிக்ஷா என்றொரு மளிகைத் தொடர் தோன்றியது. குளிர்சாதனம் கிடையாது, அலங்காரம் கிடையாது. அச்சிட்ட விலைக்குக் குறைத்தே எதையும் விற்றார்கள். நடுத்தரக் குடும்பங்கள் மகிழ்ந்து வரவேற்றன. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகள் என்ற அளவுக்கு அது பெருத்தது. 2009இன் தொடக்கத்தில் கையில் பணமில்லாமல் கடைகள் மூடப்பட்டன. சிப்பந்திகளுக்குச் சம்பளம் இல்லை. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி. சுபிட்சம் என்று பொருள்படும் பெயர் அந்தக் கடைக்கு! தெருமுனைக் கடை நொடித்தால் ஒரு குடும்பம் துன்பப்படுகிறது. தொடர்க் கடை நொடித்தால் பல ஊர்களில் ஒரே நாளில் விளக்கு அணைகிறது. மலிவாய் விற்கிறார்களே என்று மகிழும்போது, எதைக் கொண்டு மலிவாக்குகிறார்கள் என்பதையும் கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. மொத்தக் கொள்முதலாலா, கடன் வாங்கிய பணத்தாலா?

மற்றொரு குறை என் சொந்த அனுபவம். ஒரு பெரிய கடையில் அலமாரியின் அட்டையில் ஒரு விலை. ரசீதில் அதற்கு மேல் ஒன்பது ரூபாய். எடுத்துச் சொன்னேன். காசாளராக இருந்த இளைஞர், "கணினியில் இப்படித்தான் வருகிறது, ஐயா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு விலையை மாற்றும் உரிமை இல்லை. மாற்றும் உரிமை உடையவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் அவருக்குத் தெரியாது. தெருக் கடைக்காரரிடம் நாம் சண்டை போடலாம். இங்கே சண்டை போடவும் ஆள் இல்லை! அதோடு, கடையின் பெயரை அச்சடித்த பைக்கும் நம்மிடமே காசு. முன்கூட்டி விலையை அறிவிக்காமல் பணம் கொடுக்கும் இடத்தில் இப்படிப் பைக்குக் காசு கேட்பது முறையற்ற வாணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இவ்வளவு சொல்லியும் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொடர்க் கடையைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. அன்று மாணவர்களும் சொல்லவில்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கிளைகள். பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. மலைக் கிராமத்திலும் உண்டு. நம் நியாய விலைக் கடையைத்தான் சொல்கிறேன். அதை யாரும் கடை என்றே எண்ணுவதில்லை. 2011 ஜூன் முதல் அங்கே அரிசிக்கு விலையே இல்லை. ஊரடங்குக் காலத்தில் கணக்குப் புத்தகம் இல்லாத வீடுகளுக்கும் அடுப்பு எரிந்தது அதனால்தான். குறை இல்லையா என்றால், ஏன் இல்லை? எடையில் குறை, கால் கடுக்கக் காத்திருத்தல், இன்று வா நாளை வா என்னும் பேச்சு எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்து மக்களுக்கு மற்றொரு மனக்குறை நெடுநாள் இருந்தது. கேழ்வரகு விளையும் மண்ணில் கேழ்வரகு உண்டு வளர்ந்தவர்களுக்கு அரிசியையே அளந்துகொண்டிருந்தார்கள். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெறும் திட்டம் தொடங்கியது. தொடர்க் கடை என்றால் எல்லா ஊருக்கும் ஒரே சரக்கு என்னும் விதி அங்கே சற்றுத் தளர்ந்தது.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். அவள் தாய்க்குத் தெருமுனைக் கடை கடன் கொடுத்திருக்குமோ என்னவோ; நியாய விலைக் கடை அரிசி கொடுத்தது. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், துணிக்கு நான் கோ-ஆப்டெக்ஸுக்குப் போவேன். 1935இல் கைத்தறி நெசவாளர்களுக்காகத் தோன்றிய தொடர் அது. பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் படத்தையும் பெயரையும் தாங்கிய அட்டையை வைத்துக் கொடுத்ததுண்டு. விற்பவரின் முகம் தெரியாவிட்டாலும் செய்தவரின் முகம் தெரிகிறது. பருப்பும் புளியும் தெருமுனைக் கடையில்தான். புளி பழையதா புதியதா என்று அவர் உண்மையைச் சொல்வார். மிகவும் பிடிக்காத கடை, அட்டையில் ஒரு விலையும் ரசீதில் ஒரு விலையும் போட்ட அந்தக் கடை. அன்று அந்த ஒன்பது ரூபாயை நான் விட்டுவிட்டு வந்தேன். இன்றானால் ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன், தமிழிலேயே சொல்லலாம்.