செல்ஃப் போயிருச்சா, வாசல் அடைச்சிருக்கா?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் கார். ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றவில்லை. பானெட்டுக்குள்ளிருந்து ‘டக்டக்டக்டக்’ என்ற சத்தம் மட்டும். முதலில் வந்த மெக்கானிக் பேட்டரி வீக் என்றார், புதிது போட்டாயிற்று. இரண்டு நாள் ஓடிவிட்டு மூன்றாம் நாள் மறுபடியும் அதே டக்டக். அடுத்து வந்தவர், “செல்ஃப் போயிருச்சுக்கா. புதுசுதான் மாத்தணும். லேபரோட பதினாலாயிரம் ஆகும்” என்றிருக்கிறார். ஹார்ன் கணீரென்று அடிக்கிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, பேட்டரியும் புதிது. இந்தப் பதினாலாயிரம் நியாயமா என்று கேட்கிறார்.

தொகையைப் பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு மெக்கானிக்குகளில் யாராவது மல்டிமீட்டரைக் கையில் எடுத்தார்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை. வண்டி கொடுத்த இரண்டு தடயங்களையும் அவர்கள் கவனிக்கவில்லை. ஒன்று அந்த டக்டக். மற்றது அந்த இரண்டு நாள்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சமையற்கட்டு, முன்னால் பந்திக் கூடம், நடுவில் ஒரே ஒரு வாசல். சமையற்கட்டுதான் பேட்டரி. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து கேட்பது சுமார் 10 ஆம்பியர். அதாவது கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் பாதியை அரிசி மூட்டை அடைத்துக் கிடந்தாலும் பத்துப் பேருக்கும் சாம்பார் வந்துவிடும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ, சிறிய பெட்ரோல் காரில்கூட 120 ஆம்பியர் போல. டீசல் என்றால் இன்னும் கூடும். நூற்றிருபது பேர் ஒரே நேரத்தில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே அண்டா நிறையச் சாம்பார் இருக்கிறது. கூடத்தில் இலை காய்கிறது.

காரில் அந்த வாசல், பேட்டரியின் ஈயக் குமிழும் அதைக் கவ்வும் கிளாம்பும் தொடுகிற இடம். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துக்கிடக்கும் உப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்பக்கம் படிந்த மெல்லிய படலமும் அதே வேலையைச் செய்யும். அதன் மின்தடை 0.03 ஓம் என்று வைப்போம். ஹெட்லைட்டின் 10 ஆம்பியருக்கு அங்கே இழப்பது 0.3 வோல்ட், வெளிச்சம் குறைந்ததே தெரியாது. செல்ஃபின் 120 ஆம்பியருக்கு 3.6 வோல்ட். பன்னிரண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கட்டைவிரல் அகலமுள்ள இடத்தில் காணாமல் போகிறது. எங்கே போகிறது? வெப்பமாகப் போகிறது. 120-ஐ 3.6-ஆல் பெருக்கினால் 430 வாட்டுக்கு மேல் வரும். நான்கைந்து முறை செல்ஃப் அடித்துப் பார்த்த பிறகு கிளாம்பில் மெதுவாக விரலை வையுங்கள். சுட்டால் அடைப்பு அங்கேதான்.

பந்திக் கூடத்தில் இன்னொரு வழியும் உண்டு, எச்சில் இலையை எடுத்துப்போகிற வழி. அது அடைத்துக்கொண்டாலும் அடுத்த பந்தி உட்கார முடியாது. காரில் அதுதான் எர்த் கேபிள். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகிற அந்தக் கேபிளைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். பாசிட்டிவ் பக்கத்துக்குக் காட்டுகிற அக்கறையை இந்தப் பக்கத்துக்கும் காட்ட வேண்டும்.

இனி அந்த டக்டக். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சிறிய உருளை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சொலினாய்டு. அதற்குள் ஒரு இரும்புத் தண்டு, அதைச் சுற்றி ஒன்றல்ல, இரண்டு காயில்கள். ஒன்று இழுக்கும் காயில். கனத்த கம்பி, நிறைய கரண்ட் குடிக்கும். மற்றது பிடித்துவைக்கும் காயில். மெல்லிய கம்பி, குறைந்த கரண்ட். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து தண்டை இழுக்கின்றன. தண்டின் ஒரு முனை, மோட்டாரின் சிறு பல்சக்கரத்தை என்ஜினின் ஃப்ளைவீலோடு கோக்கிறது. மறுமுனை, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளையும் மோட்டாரையும் ஒரு செம்புத் தகட்டால் இணைக்கிறது. இணைந்த அந்தக் கணத்தில் ஒரு அழகான காரியம் நடக்கிறது. இழுக்கும் காயிலின் ஒரு முனை சாவிப் பக்கம், மறுமுனை மோட்டார்ப் பக்கம். தகடு இணைந்தவுடன் இரண்டு முனைகளிலும் ஒரே வோல்டேஜ். வித்தியாசம் இல்லாத இடத்தில் கரண்ட் ஓடாது. சுவிட்சோ ரிலேவோ கம்ப்யூட்டரோ இல்லாமல் இழுக்கும் காயில் தானாகவே ஓய்ந்துவிடுகிறது. உள்ளே வந்த தண்டைப் பிடித்துவைக்க மெல்லிய காயில் ஒன்றே போதும்.

வாசல் அடைத்திருந்தால் கதை மாறுகிறது. தகடு இணைகிறது, மோட்டார் 120 ஆம்பியர் கேட்கிறது, வோல்டேஜ் தடாலென்று விழுகிறது. மெல்லிய காயிலுக்குப் பிடிக்கத் தெம்பில்லை. ஸ்பிரிங் தண்டைப் பின்னால் தள்ளுகிறது. தகடு விலகியதும் மோட்டார் கேட்பது நிற்கிறது, வோல்டேஜ் மறுபடி எழுகிறது, இரண்டு காயில்களும் மறுபடி இழுக்கின்றன. டக். மறுபடி விழுகிறது. டக். பந்திக் கதவைத் திறக்கும் பொறுப்பாளர் திறந்ததும் கூட்டம் முண்டியடிக்க, பிடி நழுவிக் கதவு மூடிக்கொள்கிறது. கூட்டம் பின்வாங்கியதும் மறுபடி திறக்கிறார். நொடிக்குப் பலமுறை.

ஆக, அந்த வாசகி கேட்டது சொலினாய்டு மாறி மாறித் தண்டை இழுத்து விடுகிற சத்தம். அதை வைத்து செல்ஃப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மோட்டார் உள்ளே இறுகி, அளவுக்கு மீறிக் கரண்ட் குடித்தாலும் இதே சத்தம் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் டெர்மினல், எர்த், பேட்டரி மூன்றையும் அளந்து கழித்த பிறகு வர வேண்டிய சந்தேகம் அது. சாவியைத் திருப்பியதும் ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, உள் விளக்கும் மங்காமல் நின்றால், சொலினாய்டின் செம்புத் தகடு தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம், என்ஜினுக்குப் போகும் எர்த்தும் விட்டிருக்கலாம். அப்போதும்கூட நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் செல்ஃபைக் கழற்றிப் பிரஷ் மட்டும் மாற்றித் தருவார். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச் என்று தேட வேண்டும்.

அளப்பது எளிது. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரண்டு குமிழ்களுக்கும் நடுவே: ஓய்வில் 12.6 இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. அடுத்து ஒரு முள்ளைக் குமிழின் மேலேயும் மற்றதைக் கிளாம்பின் மேலேயும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசல் அடைத்திருக்கிறது. நெகட்டிவ் குமிழுக்கும் என்ஜினின் வெற்று உலோகத்துக்கும் நடுவிலும் இப்படியே பாருங்கள்.

வாசகியிடம் போனில் இதைச் சொன்னேன். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து அளந்திருக்கிறார். நெகட்டிவ் குமிழுக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவில் மூன்று வோல்ட்டுக்கு மேல். புதுப் பேட்டரி போட்டபோது பழைய கிளாம்பை அசைத்து மாட்டியதில் தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு நாளின் ரகசியம் இதுதான். கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வேஸலின் தடவியதும் வண்டி கிளம்பிவிட்டது. நீங்களே செய்வதானால் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிகிற இடம் அது.

செல்போனோடு ஜோடி சேர்கிற ஸ்கேனரை மாட்டினால் கோளாறு தானே தெரிந்துவிடும் என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். ஸ்கேனர் பயனுள்ளதுதான். ஆனால் பி0335 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று மட்டுமே பொருள். சென்சாரா, ஒயரா, கனெக்டரா என்று அது சொல்லாது. வோல்டேஜ் விழுந்தால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு புகார் பதிவுசெய்யும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஸ்பேர் மாற்றுவது பணத்தை வாரி இறைப்பது. மீட்டருக்குப் பிறகுதான் ஸ்கேனர்.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஈய அமில பேட்டரி பிரான்சின் காஸ்டன் பிளான்டே 1859-இல் செய்தது. கையால் சுழற்றி என்ஜினைக் கிளப்பும் தொல்லையைத் தீர்த்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. ‘செல்ஃப்’ என்று நம் பட்டறைகளில் இன்றும் புழங்குவது அந்தப் பெயரின் பாதிதான். பேட்டரிக்கு ஊற்றும் ‘உயிர்ப்பு மருந்து’களும் புதிதல்ல. ஏடி-எக்ஸ்2 என்ற பொடி எந்தப் பயனும் தரவில்லை என்று அமெரிக்கத் தேசிய அளவைக் கழகம் சொன்னதற்காக, அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினை 1953-இல் பதவி விலகச் சொன்னார்கள். அறிவியலாளர்கள் கொதித்தெழுந்ததால் அவர் திரும்ப வந்தார். தேசிய அறிவியல் கழகம் நியமித்த குழுவும் அளவைக் கழகத்தின் முடிவே சரி என்றது. அந்தப் பொடியில் இருந்தவை பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும்.

மெக்கானிக்குகள்மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. அரை மணி நேரம் குனிந்து அளந்து, கோளாறைக் கண்டுபிடித்து, கிளாம்பைச் சுத்தம் செய்துவிட்டு ஒருவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால், “ஒண்ணுமே மாத்தலையே, இதுக்கா ஐந்நூறு?” என்கிறோம். பதினாலாயிரத்துக்கு ஒரு ஸ்பேரைப் பெட்டியோடு காட்டினால் பேசாமல் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடைக்காத தொழிலில், மாற்றுவதில்தான் வருமானம் பார்ப்பார்கள்.

அடுத்த முறை “செல்ஃப் மாத்தணும்” என்று யாராவது சொன்னால், “எங்கே எத்தனை வோல்ட் விழுதுன்னு அளந்து காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். அளந்து காட்டினால், அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.