உலர்புல் வயலை நம்பி வாழும் மலைக்குருவி

குருவி என்றதும் நெற்கதிரை நினைந்து கல்லெடுக்கும் கமக்காரர் நம்மிடையே பலருளர். அவர்கட்கு வியப்பளிக்கத்தக்க குருவியொன்று இங்கிலாந்தின் வடபாகத்துப் பெனைன் மலைத்தொடரில் வாழ்கின்றது. அது அங்கே நாடுவது பயிரையன்று. களையென்று ஒதுக்கப்படும் செடிகளின் வித்தையே.

'துவைற்' எனப்படும் இக்குருவி கபில நிறமும் கருங்கோடுகளும் உடையது. நிறை ஏறக்குறைய 15 கிராம். மரங்களற்ற மேட்டுநிலத்தில், ஹெதர் என்னும் குறும்புதரின் அடியிலோ பன்னங்களினிடையிலோ, நிலத்தை ஒட்டிக் கூடு கட்டும். ஒரு முறைக்கு 5 அல்லது 6 முட்டைகள் இடும். மே முதல் ஆகத்து வரை நீளும் இனவிருத்திக் காலத்தில் இரு முறை குஞ்சு பொரிப்பதும் உண்டு.

வித்துண்ணும் பறவைகளுட் பல தம் குஞ்சுகளுக்கு மட்டும் புழு பூச்சிகளைத் தேடிக் கொடுக்கும். துவைற்றோ குஞ்சுகளையும் ஏறக்குறைய முற்றாக வித்துக்களைக் கொண்டே வளர்க்கின்றது. மேட்டுநிலத்தில் அவ்வளவு வித்துக் கிடையாது. ஆகவே கீழேயுள்ள உலர்புல் வயல்களுக்குப் பறந்து சென்று, வித்துக்களை விழுங்கிக் கொணர்ந்து, கக்கி ஊட்டும். வீடு மேட்டிலும் களஞ்சியம் பள்ளத்திலுமாக அதன் வாழ்க்கை அமைந்துளது.

அக்களஞ்சியமும் ஒரே நாளில் நிரம்புவதன்று. மே மாதத்தில் மஞ்சட் பூவுடைய டான்டிலயன் வித்து முற்றும். அது ஓய, யூனில் நமது சுக்கான் கீரைக்கு உறவான சொரெல் என்னும் புளிப்பிலைச் செடி கைகொடுக்கும். யூலைக்குப் பின் ஹோக்பிற் என்னும் மற்றொரு மஞ்சட் பூச்செடி. ஒன்று தவறினும் அவ்வேளை கூட்டிலிருக்கும் குஞ்சுகள் பட்டினியாகும்.

மாரியில் இக்குருவிகள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையோர உவர்நிலங்களுக்கு இறங்கும். அங்கே அவற்றின் உணவுகளுள் ஒன்று உமரி வித்து. யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரைகளிலும் உமரி வகைகளை நாம் காண்கின்றோம்.

முன்னர் பெனைன் கமக்காரர் புல்லைப் பூத்து வித்து விழும்வரை விட்டு, கோடையின் பிற்பகுதியில் அறுத்து உலர்த்தினர். பின்னர் பசும்புல்லையே அறுத்துக் காற்றுப் புகாது அடைத்துப் புளிக்கவைக்கும் 'சைலேஜ்' முறை பரவிற்று. அதற்கு முதல் வெட்டு மிக முந்தியே விழும். செயற்கைப் பசளையால் புல் செழித்தது. பூச்செடிகள் அதனடியில் நசுங்கின. கால்நடைக்கு உணவு பெருகியதென்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயின் 1999 இல் இங்கிலாந்தில் 764 சோடிகளாக மதிப்பிடப்பட்ட துவைற், 2013 இல் 164 சோடிகளாகக் குறைந்தது. பிரித்தானியாவில் எஞ்சியவற்றிற் பெரும்பகுதி ஸ்கொத்லாந்திலேயே உளது.

இழந்ததை மீட்கப் பெனைனில் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. கமக்காரர் சிலர் மேற்கூறிய மூவகைச் செடிகளின் வித்தையும் தம் புல்வயல்களில் விதைத்தனர். அறுவடையைப் பிற்போடுவதால் நேரும் நட்டத்துக்கு அரசின் திட்டங்கள் வழியே ஈடு பெறவும் வழியுண்டு. எனினும் எந்த வயலும் இதற்கு உதவாது. கூட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இரைதேடிச் செல்வதைத் தாய்க்குருவி பெரும்பாலும் தவிர்க்குமாதலின், ஹெதர் மேட்டை அடுத்துள்ள வயல்களே முதலிற் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும்.