சிங்கப்பூரில் கையைக் கடிக்காத சாப்பாடு

சிங்கப்பூருக்கு முதன்முறை போகிறவர்களை மலைக்கவைப்பது சாப்பாட்டுச் செலவுதான். பெரிய கடைத்தொகுதியில் குடும்பத்தோடு ஒருவேளை சாப்பிட்டாலே கையிருப்பு கரைந்துவிடும். ஊர்க்காரர்கள் அன்றாடம் சாப்பிடுகிற இடமோ வேறு: உணவங்காடி நிலையம்.

ஒரே கூரையின் கீழ் ஏராளமான சிறு கடைகள், நடுவே எல்லாருக்கும் பொதுவான மேசைகள். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றுவந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் செய்துகொடுத்து, 1970களில் அரசு இவற்றைப் பரவலாகக் கட்டியது. இன்று தீவெங்கும் நூறுக்கு மேல் இருக்கின்றன. விலை குறைவென்றால் ருசியும் குறையும் என்று எண்ண வேண்டாம். 2016-இல், சைனாடவுனில் சோயா சாஸ் கோழி விற்கும் ஓர் அங்காடிக் கடை மிச்சலின் நட்சத்திரமே வாங்கியது! 2020-இல் இந்த உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

தமிழர்களுக்குத் தேக்கா உணவங்காடி நிலையம் தோதானது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. பிரியாணி, தோசை, பரோட்டா, நுரை ததும்பும் தே தாரிக் தேநீர் எல்லாம் கிடைக்கும்.

எந்தக் கடைக்குப் போவது? மதிய வேளையில் அக்கம்பக்கத்து அலுவலக ஊழியர்கள் எங்கே வரிசை கட்டி நிற்கிறார்களோ, அங்கே நம்பி நிற்கலாம். காலி மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். 2021 முதல் அது அங்கே கட்டாயம். மீண்டும் தவறினால் அபராதம் உண்டு.